உதடும் ஓசையும்

பீடச் சிறுவன் கைமணியைத் தொடுவதற்கு முன்பே மணி ஒலித்துவிட்டது. நாம் காண்பது கனவோ எனக் கண்களைத் துடைத்துக்கொண்டோம். பின்னோக்கி ஓட்டி மீண்டும் பார்த்தோம். ஐயமில்லை. முதலில் ஓசை, அதன் பிறகே கை. குருவானவர் அப்பத்தை உயர்த்தும் முன்னரே எழுந்தேற்ற மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது. புதுமை ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. நாமே செய்து கொடுத்த டிவிடி தட்டின் குறைதான் அது.

நடந்ததை முறையாகச் சொல்வதே நன்று. 2020ஆம் ஆண்டின் வேளாங்கண்ணித் திருவிழாவை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். ஆகஸ்ட் 29ஆம் நாள் கொடியேற்றமும் செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழாவும் வழக்கம்போல் நடந்தன. ஆனால் திருப்பயணிகள் இல்லை. கொள்ளைநோயின் காரணமாக மக்கள் வெளியே நிற்க, பீடம் மட்டும் தன் கடமையைச் செய்தது. செப்டம்பர் முதல் நாளன்று தமிழகத்தில் வழிபாட்டுத் தலங்கள் திறக்கப்பட்டபோதும், அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் வீட்டிலேயே இருப்பது நலம் என்பது அரசின் அறிவுரையாக இருந்தது. ஆகவே நமது பங்கின் முதியோர்க்கு அவ்வாண்டு வேளாங்கண்ணியும் இல்லை, சொந்தக் கோயிலும் இல்லை. இருந்ததெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றுதான்.

அவர்களுள் ஒருவர், தோல் பதனிடும் தொழிலில் நாற்பதாண்டுக் காலம் உழைத்து ஓய்ந்த பெரியவர். வாணியம்பாடியையும் ஆம்பூரையும் அறிந்தவர்களுக்கு டேனரியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பிறர்க்காக ஒன்று மட்டும் சொல்லலாம். ஆளுயரத்தைக் கடந்த மரத்தாலான டிரம்கள் இரவு பகலாகச் சுழன்றுகொண்டிருக்கும். அவற்றின் உறுமலோடு தோலின் சவ்வைச் சீவும் இயந்திரத்தின் கிறீச்சொலியும் சேர்ந்துகொள்ளும். அந்த இரைச்சலில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர்களின் காது மெல்ல மெல்ல மங்கும். பெரியவரின் காதும் அப்படித்தான் மங்கியிருந்தது. முழுச் செவிடர் அல்லர். அருகில் உரக்கப் பேசினால் ஏதோ கேட்கும். அவரும் அவர் மனைவியும் ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குச் சென்றுவந்தவர்கள். அவ்வாண்டு செல்ல இயலாத துயரத்தை அந்த அம்மாள் நம்மிடம் தொலைபேசியில் சொல்லி அழுதார்.

திருவிழா நாள்களில் ஒளிபரப்பான தமிழ்த் திருப்பலி ஒன்றை, பங்கு இல்லத்தில் இருந்த செட்டாப் பாக்சின் வழியே பென் டிரைவில் பதிந்துவைத்திருந்தோம். நல்ல தெளிவான ஹெச்.டி. பதிவு, தொண்ணூறு நிமிடம் நீளம். ஆனால் அந்தப் பெரியவரின் வீட்டில் இருந்ததோ 2006ஆம் ஆண்டில் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் வந்த வண்ணத் தொலைக்காட்சி. படக்குழாய் வைத்த சிறு பெட்டி. பென் டிரைவைச் செருக அதில் இடமில்லை. பேரன் திருமணத்தைப் பார்ப்பதற்காக வாங்கிய டிவிடி பிளேயர் ஒன்று அதனோடு இணைந்திருந்தது. எனவே பதிவை டிவிடி தட்டாக மாற்றிக் கொடுப்பதே வழி. விற்பதற்கல்ல, ஒரே ஒரு வீட்டிற்கு ஒரே ஒரு தட்டு. கணினியில் கிடைத்த மென்பொருள் ஒன்றை வைத்து நாமே ஒரு மாலைப்பொழுதில் மாற்றினோம். அடுத்த நாள் உபதேசியாரின் கையில் கொடுத்தனுப்பினோம். நற்செயல் ஒன்று புரிந்துவிட்ட நிறைவோடு உறங்கினோம்.

இரண்டு நாள் கழித்துத் தட்டு திரும்பி வந்தது. கூடவே அம்மாளின் குரலும் தொலைபேசியில் வந்தது. "சாமி, எனக்கு ஒண்ணும் பெரிசாத் தெரியல. மணி மட்டும் கொஞ்சம் முந்தி அடிக்குது. ஆனா இவருக்குப் பிரசங்கம் ஒரு வார்த்தைகூடப் புரியலயாம். 'அவர் வாய் ஒண்ணு சொல்லுது, சத்தம் வேற ஒண்ணு சொல்லுது'ங்கறாரு. டிவியை நிறுத்திட்டு வெளிய போய் உக்காந்துட்டாரு."

இவ்விடத்தில் நாம் நமது அறியாமையை ஒப்புக்கொள்ள வேண்டும். காது மங்கியவருக்கு உதடும் ஓசையும் பொருந்தினால் என்ன, பொருந்தாவிட்டால் என்ன என்றே முதலில் எண்ணினோம். நன்றாகக் கேட்கும் மனைவிக்குப் பெரிதாகத் தெரியாத குறை, கேளாத கணவருக்கு எப்படித் தெரிந்தது? இந்த வினாவே நம்மை உறங்கவிடாமல் செய்தது.

விடை காதின் அமைப்பிலேயே இருக்கிறது. இரைச்சலால் கெடும் செவி எல்லா ஓசையையும் ஒரே அளவில் இழப்பதில்லை. முதலில் மங்குவது கீச்சென்ற உயர்ந்த அதிர்வுகளே; குறிப்பாக விநாடிக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய பகுதி. உயிரெழுத்துகளின் கனத்த ஓசை தாழ்ந்த அதிர்வுகளில் இருப்பதால் அது ஓரளவு கேட்கும். மெய்யெழுத்துகளை வேறுபடுத்திக் காட்டும் நுண்ணோசை கேளாது. 'படி' என்றாலும் 'கடி' என்றாலும் அத்தகைய செவிக்கு ஏறத்தாழ ஒன்றே. அங்கே கண் துணைக்கு வருகிறது. பகரத்துக்கு உதடு மூடும், ககரத்துக்கு மூடாது. மறுபுறம், 'படி' என்பதும் 'மடி' என்பதும் உதட்டைப் பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். அங்கே செவி துணைக்கு வருகிறது. மகரத்தின் மூக்கொலி தாழ்ந்த அதிர்வாதலால் மங்கிய காதுக்கும் எட்டும். இவ்வாறு பாதியைச் செவியாலும் பாதியைக் கண்ணாலும் வாங்கி, இரண்டையும் சேர்த்து ஒரு சொல்லாக்குகிறார் அந்த மனிதர். கண் தந்த பாதியும் செவி தந்த பாதியும் ஒரே கணத்துக்குரியனவாக இல்லையென்றால் சொல் பிறப்பதில்லை.

நன்றாகக் கேட்பவர்களும் இதற்கு விலக்கல்லர். 1976ஆம் ஆண்டில் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு என்னும் இரு உளவியலார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 'ப' என்னும் ஓசையை ஒலிக்கவிட்டு, 'க' என்று உதடு அசையும் படத்தைக் காட்டினால், பார்ப்பவர்களுள் பலருக்கு இரண்டுமல்லாத 'ட' என்பதுபோல் மூன்றாவது ஒன்று கேட்கிறது என்பதே அவர்கள் கண்டது. நாம் அனைவரும் சிறிதளவேனும் கண்ணால் கேட்கிறோம். காது நலமாக உள்ளவருக்கு அது ஊன்றுகோல். பெரியவருக்கோ அதுவே கால்.

கொள்ளைநோய்க் காலத்தில் அந்தக் காலும் முறிக்கப்பட்டிருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். ஊர் முழுவதும் முகக்கவசம். கடைக்காரரின் வாய் தெரியவில்லை. மருந்து கொடுப்பவரின் வாய் தெரியவில்லை. வாசலில் நின்று நலம் விசாரித்த உபதேசியாரின் வாயும் தெரியவில்லை. மாதக்கணக்கில் அவர் வெளியார் எவருடைய சொல்லையும் முழுமையாகக் கேட்டிருக்கவில்லை. அவருடைய வீட்டுக்குள் மறைப்பின்றி வந்த ஒரே வெளியாள், தொலைக்காட்சியில் மறையுரை ஆற்றிய அந்தக் குருவானவர். அவருடைய வாயையும் நாம் அவருடைய குரலிலிருந்து பிரித்து அனுப்பிவிட்டோம்.

பேருந்து நிலையத்துக்கு அருகே நிழற்படக் கடை வைத்திருக்கும் நமது பங்கின் இளைஞர் ஒருவரை அழைத்தோம். திருமணப் படங்களைத் தொகுத்துப் பழகியவர். "சாமி, எங்கே விலகுதுன்னு முதல்ல அளந்துடலாம்" என்றார் தம்பி. அளப்பதற்கு எது கருவி? படப்பிடிப்புகளில் 'கிளாப்' பலகை அடிப்பதை வாசகர் அறிவர். பலகைகள் மோதுவதைப் படமும் அந்தச் சத்தத்தை ஒலிப்பதிவும் தனித்தனியே பிடித்துக்கொள்ளும். பின்னர் அந்த இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் முழுக் காட்சியும் பொருந்திவிடும். தமிழில் முதல் பேசும்படமாகிய காளிதாஸ் வெளிவந்த 1931ஆம் ஆண்டு தொட்டு, உருவத்தையும் குரலையும் ஒன்றாக்கும் கவலை நமது திரைத்தொழிலுக்கு இருந்துகொண்டே வந்திருக்கிறது. திருப்பலியில் கிளாப் பலகை இல்லை. ஆனால் மணி இருக்கிறது. புத்தகத்தை மூடும் ஓசை இருக்கிறது. வாசகர் ஒலிவாங்கியைத் தட்டிப்பார்க்கும் சத்தம் இருக்கிறது. இவற்றைத் தேடித் தேடி அளந்தோம்.

நமது நாட்டுத் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 சட்டகங்கள். ஒவ்வொன்றும் 40 மில்லி விநாடி. தொடக்கத்தில் உதடும் ஓசையும் மிகச் சரியாகப் பொருந்தியிருந்தன. இருபத்திரண்டாம் நிமிடத்துக்குப் பிறகு ஓசை ஏறத்தாழ ஐந்து சட்டகம் முந்தியது. மறையுரை வந்தது அதன் பிறகுதான். நாற்பத்தொன்றாம் நிமிடத்துக்குப் பிறகு பதினான்கு சட்டகம் முந்தியது. எழுந்தேற்ற மணி அங்கே இருந்தது. அறுபத்துமூன்றாம் நிமிடத்துக்குப் பிறகு இருபத்தொரு சட்டகம். படிப்படியாக, படிக்கட்டு இறங்குவதுபோல், மூன்று இடங்களில் விலகியிருந்தது.

அந்த மூன்று இடங்களிலும் என்ன நேர்ந்தது என்று மூலப் பதிவைப் போட்டுப் பார்த்தோம். மூன்றிலும் படம் ஒரு கணம் கட்டம் கட்டமாகச் சிதறி உறைந்திருந்தது. பதிவான மாலையில் வாணியம்பாடியில் நல்ல மழை பெய்தது நினைவுக்கு வந்தது. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையை மழை மறைத்திருக்கிறது.

இங்கே சற்று நுட்பமான செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சி நிலையம் படத்தையும் ஒலியையும் சின்னஞ்சிறு பொதிகளாக்கி அனுப்புகிறது. ஒவ்வொரு பொதியும் 188 பைட். படப் பொதியும் ஒலிப் பொதியும் ஒரே வண்டியில் ஏறிய கணவனும் மனைவியும்போல் கலந்தே வருகின்றன. எந்தப் படத்தோடு எந்த ஒலி சேர வேண்டும் என்பதற்காக நேர முத்திரைகள் அவற்றோடு குத்தப்பட்டுள்ளன. அந்த முத்திரைக் கடிகாரம் விநாடிக்கு 90,000 முறை துடிக்கிறது. செட்டாப் பாக்ஸ் அந்த முத்திரையைப் பார்த்தே இரண்டையும் ஒன்றுசேர்க்கிறது. ஆகவே நேரலையில் மழை பெய்தாலும் மறு கணமே உதடும் ஓசையும் பொருந்திவிடுகின்றன.

நாம் பயன்படுத்திய மென்பொருளோ படத்தையும் ஒலியையும் முதலில் தனித்தனியே பிரித்து, முத்திரைகளைக் கழித்துவிட்டு, பின்னர் ஒட்டியது. படத்தில் இழந்த சட்டகங்களுக்குப் பதிலாக முந்தைய சட்டகத்தையே திரும்பக் காட்டி நேரத்தை நிரப்பியது. ஒலியில் அப்படிச் செய்யவில்லை. இழந்த இடத்தை மூடிவிட்டு, அடுத்த ஓசையை இழுத்துக்கொண்டு வந்து ஒட்டிவிட்டது. அந்த ஒளிபரப்பின் ஒலி விநாடிக்கு 48,000 மாதிரிகளாக எடுக்கப்பட்டு, 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக வந்தது. ஒரு துண்டு 24 மில்லி விநாடி. முதல் மழையில் எட்டுத் துண்டுகள் போயிருந்தன. அது 192 மில்லி விநாடி. இரண்டாவதில் பதினைந்து, மூன்றாவதில் பன்னிரண்டு. ஆக மொத்தம் முப்பத்தைந்து துண்டுகள், 840 மில்லி விநாடி. ஒரு விநாடிகூட இல்லை. அந்த ஒரு விநாடிக்கும் குறைந்த இழப்பை மறைக்கப் போய், அதன் பின் வந்த அறுபத்தெட்டு நிமிடத்தையும் பொய்யாக்கிவிட்டோம்.

ஓசை பிந்தியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று இதனை எண்களால் காட்டுகிறது: ஓசை 45 மில்லி விநாடி முந்தினாலே மனிதர் கண்டுகொள்கின்றனர், பிந்தினாலோ 125 மில்லி விநாடி வரை பொறுக்கின்றனர். இயற்கையும் நம்மை அப்படித்தான் பழக்கியிருக்கிறது. ஆற்றங்கரையில் தொலைவில் துணி துவைப்பவர் கல்லில் அடிப்பதை முதலில் பார்க்கிறோம். சத்தம் பிறகு வந்து சேர்கிறது. மின்னலுக்குப் பின்னர்தான் இடி. ஓசை விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். ஆதலால் பீடத்திலிருந்து முப்பது மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையில் இருப்பவரை நமது வாய்ச்சொல் சேர்வதற்கு 87 மில்லி விநாடி ஆகிறது. எவரும் குறை சொன்னதில்லை. ஆனால் செயலுக்கு முன்பே ஓசை வருவதைப் படைப்பில் எங்கும் காண இயலாது.

குறையைக் கண்டுகொண்டோம், இனி நீக்க வேண்டும். முதலில் எளிய வழியை முயன்றோம். முடிவில் 840 மில்லி விநாடி முந்துகிறதல்லவா, ஒலி முழுவதையும் அவ்வளவு பின்னுக்குத் தள்ளினோம். முடிவு பொருந்தியது, தொடக்கம் கெட்டது. அடுத்து, ஒலியை ரப்பர்போல் இழுத்துத் தொண்ணூறு நிமிடத்திலும் சமமாகப் பரப்பினோம். தொடக்கமும் முடிவும் பொருந்தின. வெற்றி என்று எண்ணியபோது தம்பி நடுப்பகுதியை ஓட்டிக் காட்டினார். முதல் மழைக்கு முன் குற்றமற்று இருந்த வாசகங்கள் இப்போது பிந்தின. மூன்றாம் மழைக்குப் பின் ஓசை இன்னும் கால் விநாடி முந்தியது. இழுப்பது பயன்படும் இடம் வேறு. கடிகாரங்களின் வேகம் ஒத்துப்போகாததால் விலகல் சீராக வளர்ந்துகொண்டே போனால் இழுக்கலாம். சான்றாக, அமெரிக்க முறைப்படி 29.97 சட்டகமாக ஓட வேண்டியதை 30 என்று தவறாக எண்ணிக்கொண்டால் மணிக்கு 3.6 விநாடி விலகும். தொடக்கம் முதல் ஒரே அளவில் விலகியிருந்தால் தள்ளினால் போதும். நமக்கு நேர்ந்ததோ முறிவு. முறிந்த இடத்தில்தான் கட்டுப்போட வேண்டும்.

எனவே மூலப் பதிவுக்கே திரும்பினோம். எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருள் ஒன்று உள்ளது. 2000ஆம் ஆண்டில் ஃபாப்ரிஸ் பெலார்டு என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. படத்தையும் ஒலியையும் பிரிக்காமல் ஒன்றாகவே மாற்றுமாறும், நேர முத்திரையைப் பார்த்து, ஒலி இழந்த இடத்தில் இழந்த அளவுக்கு மௌனத்தை வைக்குமாறும் அதற்குக் கட்டளையிட முடியும். அப்படியே செய்தோம். டிவிடியின் ஒலியும் 48,000 மாதிரி முறைதான். ஆகவே அதை மாற்றவில்லை. படம் 1,920க்கு 1,080 புள்ளிகளிலிருந்து, டிவிடிக்குரிய 720க்கு 576 புள்ளிகளாகச் சுருங்கியது. 4.7 ஜிபி தட்டில் தொண்ணூறு நிமிடத்துக்கு விநாடிக்கு அறுபது இலட்சம் பிட் வரை படத்துக்குத் தாராளமாக ஒதுக்கலாம்; டிவிடி ஏற்கும் எல்லையாகிய தொண்ணூற்றெட்டு இலட்சத்துக்குள் அது அடங்கும்.

தம்பி இன்னொன்றையும் நினைவூட்டினார். ஹெச்.டி. படம் அகலமானது, பெரியவரின் பெட்டி சதுரத்தை ஒட்டியது. அப்படியே போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து முகம் சிறுத்துவிடும். இரு ஓரங்களையும் வெட்டினால் முகம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். பீடத்தின் பக்கத்தில் இருந்த பூச்சாடிகளும் பாடகர் குழுவும் போய்விடும். அவற்றை விட்டுக்கொடுத்தோம். அவருக்கு வேண்டியது வாய்.

கணினித் திரையில் எல்லாம் பொருந்தியபின் தட்டை எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்கே சென்றோம். தட்டையான புதிய திரைகள் படத்தைச் செப்பனிடுவதற்குச் சில பத்து மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். படக்குழாய்ப் பெட்டியோ வந்த படத்தை அக்கணமே காட்டிவிடும். ஆதலால் பார்க்கப்போகும் பெட்டியிலேயே சோதிப்பதுதான் முறை என்றார் தம்பி. வாசலுக்கு வெளியே, முகக்கவசத்தோடு, திறந்த கதவின் வழியே நாம் நின்று பார்த்தோம். வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னைத் தொலைக்காட்சியின் 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சிக்காக அண்டை வீட்டு வாசலில் நின்ற நமது இளமைக்காலம் நினைவுக்கு வந்தது. எவ்வளவு பொருளுள்ள பெயரை வைத்தார்கள்! இரண்டும் சேர்ந்திருக்கும்வரை அந்த 'உம்'மை நாம் எண்ணிப்பார்த்ததே இல்லை.

மறையுரை தொடங்கியது. பெரியவர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் அவருடைய தலை அசையத் தொடங்கியது. பேச்சின் ஓட்டத்தோடு ஒட்டிய அசைவு அது. ஓரிடத்தில் மறையுரையாளர் நகைச்சுவையாக ஏதோ சொன்னார். பெரியவர் சிரித்தார். மனைவிக்கு முன்பே சிரித்தார். நமக்குத் தொண்டை அடைத்தது.

பிறகு அவர் எழுந்து வாசல்வரை வந்து, நம்மைப் பார்த்துச் சொன்ன சொல்லைத்தான் வாசகரோடு பகிர்ந்துகொள்ள வேண்டுமென்று இத்தனையும் எழுதினோம். "சாமி, தப்பா நினைக்காதீங்க. நீங்க வந்து நாலு வருசமாச்சு. கோயில்ல முதல் பெஞ்சுலதான் உக்காருவேன். ஆனா உங்க பிரசங்கம் ஒண்ணுகூட எனக்குக் கெடைச்சதில்ல. அந்த மைக்கு உங்க வாயை மறைச்சிரும்."

அவர் முதல் இருக்கையைத் தேடி அமர்வதைப் பக்தி மிகுதி என்று நாம் பலமுறை பிறரிடம் புகழ்ந்திருக்கிறோம். நான்கு ஆண்டுகள், ஏறத்தாழ இருநூறு ஞாயிறுகள். குருமடத்தில் மறையுரைக் கலையைப் பாடமாகவே படித்தோம். தூய அகுஸ்தினார் திருமுழுக்கு யோவானைக் குரலென்றும் கிறிஸ்துவை வார்த்தையென்றும் வேறுபடுத்தி விளக்கியதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றோம். குரல் கடந்துபோகும், அது ஏந்திவந்த வார்த்தை கேட்பவர் உள்ளத்தில் தங்கும் என்பது அதன் சாரம். நமது குரல் கடந்துபோனது உண்மை. முதல் இருக்கையில் இருந்தவரின் உள்ளத்தில் ஒன்றும் தங்கவில்லை. இடையே நின்றது ஒரு சாண் இரும்பு.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், காது கேளாதவரை ஆண்டவர் நலமாக்கும் நிகழ்ச்சியை அன்றிரவு எடுத்துப் படித்தோம். அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார், காதுகளில் விரலை இடுகிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை நிமிர்ந்து பார்க்கிறார், அதன் பின்னரே பேசுகிறார். திருமுழுக்கின் எப்பத்தா சடங்கை எத்தனையோ குழந்தைகளுக்கு நிறைவேற்றியிருக்கிறோம். ஆனால் அந்தச் செய்கைகள் ஒவ்வொன்றும் கேளாத ஒருவர் கண்ணால் காணக்கூடியவை என்பது அன்றுவரை நமக்குத் தோன்றவில்லை. சொல்லப்போவதை அவர் முதலில் கண்ணுக்குக் காட்டிவிட்டார். கை முன்னே, ஓசை பின்னே.

நமது வாழ்விலோ பல வேளைகளில் மணி முந்தி அடித்துவிடுகிறது. நோயாளியைக் காண வருகிறோம் என்ற சொல் போய்ச்சேர்ந்துவிடும். நாம் போய்ச்சேர நாளாகும். அவ்வாண்டின் ஊரடங்கில் அடக்கத்திற்குச் செல்ல இயலாத வீடுகள் சில இருந்தன. பின்னர் அவ்வீடுகளுக்குச் சென்றபோது, அந்த இழப்பு நேராததுபோலவே பேச்சைத் தொடர்ந்தோம்; ஆறுதல் வார்த்தைகளை இழுத்துப் பரப்பி இடைவெளியை மூடப்பார்த்தோம். பேச்சு பொருந்தவே இல்லை, காரணமும் விளங்கவில்லை. தட்டைச் செப்பனிட்ட பிறகு அவ்வீடுகளுக்கு மீண்டும் சென்றோம். "அன்று நாங்கள் வரவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் அமர்ந்திருந்தோம். அதன் பிறகு வந்த பேச்சு இயல்பாக இருந்தது.

ஒலிவாங்கியையும் மாற்றினோம். 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதியோர் ஓரிருவராகக் கோயிலுக்குத் திரும்பியபோது, வாசக மேடையில் வாய்க்கு நேரே நின்ற ஒலிவாங்கியை மார்பளவுக்குத் தாழ்த்தியிருந்தோம். மக்கள் நெருங்காத தொலைவில் நின்று, மறையுரை நேரத்தில் மட்டும் முகக்கவசத்தை நீக்கிக்கொண்டோம். குறிப்புத் தாளைக் குனிந்து படிக்கும் பழக்கத்தை விடுவதுதான் கடினமாக இருந்தது. இன்றும் அவ்வப்போது தவறுகிறோம். பெரியவர் முதல் இருக்கையில் இருந்து தம் மோவாயைத் தொட்டுக் காட்டுவார். நாம் நிமிர்ந்துகொள்வோம்.

டிவிடி தட்டுகள் கடைகளில் அருகிவிட்டன. அந்தப் படக்குழாய்ப் பெட்டிக்கும் வயதாகிவிட்டது. ஆயினும் ஒவ்வோராண்டும் கொடியேற்ற நாளன்று அவ்வீட்டில் அந்தத் தட்டு ஓடுகிறது. முதல் முறை பார்த்த அன்றே அந்த அம்மாள் கூர்மையாக ஒன்றைக் கேட்டார். காணிக்கைப் பாடலின் நடுவே, கண் இமைக்கும் நேரம், பாடல் அற்றுப்போய் மீண்டும் தொடர்கிறது. "இந்த எடத்துல மட்டும் ஏன் சாமி சத்தமே இல்ல?"

"அங்கே மழை பெய்ததம்மா" என்றோம்.

"அப்படியா, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.